ஆபத்தில்லாத காய்

மாஜாங் விளையாட நாலு பேர் வேண்டும். எங்கள் அறையில் மூன்று பேர் சம்மதித்திருந்தோம். நாலாவதாக நாங்கள் இழுத்து உட்கார்த்தியவர் உங்கள் கணவர். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, "அவர் இங்கை பொழுதை எப்பிடிப் போக்கினவர், அண்ணை?" என்று கேட்டீர்கள். அந்நேரம் மகாதேவி தேநீரோடு வந்துவிட்டாள். நான் பேச்சை மாற்றினேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், தங்கச்சி சுந்தரேஸ்வரி. படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள்.

1985இல் ஜேர்மனியில், பீலெஃபெல்ட் அகதி விடுதியில் எங்களுக்கு ஓர் அறை, நாலு கட்டில். இராயப்பு, செல்வராசா, உங்கள் அரியரத்தினம், நான். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. நான் யப்பான்காரரின் சரக்குக் கப்பலில் ஒன்பது வருடம் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். அவர்களிடம் படித்த விளையாட்டும், கோபேயில் வாங்கிய காய்ப்பெட்டியும் என்னோடு இருந்தன. தோற்றவர் நாலு பேருக்கும் சமைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்த மாரி முழுவதும் நான் சமைத்தது மூன்று தரம்தான். உங்கள் கணவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரும் ஒரு காயை எடுத்து, வேண்டாத ஒன்றை மேசையில் போட வேண்டும். நீங்கள் போடும் காய் இன்னொருவருக்குத் தேவையான கடைசிக் காயாக இருந்தால் அவர் வென்றார். யப்பானிய முறையில் அந்த நட்டம் முழுவதும் காயைப் போட்டவர் தலையில் விழும். பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரே காய்தான் வேண்டும் என்ற நிலையில் ஒருவர் "ரீச்சி" என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அவர் தன் கையை மாற்ற முடியாது. அப்போது விளையாடத் தெரிந்தவன் தன்னுடைய நல்ல கையையும் உடைத்துவிட்டு, அவர் முன்பு மேசையில் எறிந்த அதே காய்களாகப் பார்த்துப் போடுவான். தான் எறிந்ததை வைத்து அவர் உங்களிடம் வெல்ல முடியாது. அதுதான் ஆபத்தில்லாத காய். வென்றவர்களைவிட, தோற்காதவர்களைத்தான் கப்பலில் மதித்தார்கள்.

உங்கள் கணவருக்கு இது பிடிக்காது. சந்தர்ப்பம் வந்த உடனே ரீச்சி என்பார். "ஒளிச்சு ஒளிச்சு விளையாட என்னாலை ஏலாது அண்ணை," என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான். தங்களுக்கு நடந்ததை மற்றவர்கள் அகதி விசாரணை வரைக்கும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தார்கள். அவரோ காயை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லுவார். ஆமி அவரைப் பிடித்து வைத்திருந்த, உங்களுக்குத் தெரிந்த அந்தப் பதினொரு நாள்தான். முகாம் வாசலில் நின்ற வேப்பமரம், கையில் மஞ்சள் நூல் கட்டியிருந்த சிப்பாய், மண் அடைத்த எஸ்லோன் பிளாஸ்டிக் பைப். அந்தப் பைப்பால் அடித்தால் உள்ளே எல்லாம் போய்விடும், தோலில் ஓர் அடையாளமும் நிற்காது. விசாரணைக்குப் பழகுவதற்காக என்னை அதிகாரியாக இருத்தி, மறுபடி மறுபடி சொல்லிக் காட்டுவார். திகதி தவறினால் நான் திருத்துவேன்.

என்னிடம் சொல்வதற்கு என்ன இருந்தது? எண்பத்து மூன்று ஆடியில் நான் யோகோகாமா துறைமுகத்தில் பம்ப் கழற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. மகாதேவியும் இரண்டு பிள்ளைகளும் கரவெட்டியில் இருந்தார்கள். என்னை அகதியாக ஏற்றால் அவர்களைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் எல்லாம் முடிந்தது. பயந்தேன். அதை மறைக்க ஒன்றும் இல்லை.

என் டெர்மின், விசாரணைக்குக் குறித்த நாள், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவருடையது அதற்கு ஒன்பது நாள் பின்னால். அதிகாரி கேட்டார், நான் பதினொரு நாளையும் சொன்னேன். வேப்பமரத்தையும் மஞ்சள் நூலையும் விடவில்லை. பிறகு சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். கப்பலில் நீராவிக் குழாய் வெடித்துச் சுட்ட தழும்பு அது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்.

ஐந்து மாதத்தில் இரண்டு கடிதமும் ஒரே கிழமை வந்தன. என்னை ஏற்றிருந்தார்கள். டொச் மொழி வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் அவருடையதையும் நானே வாசித்தேன். இதே விவரங்களை வேறொருவர் முன்பே கூறியிருக்கிறார், இது மனனம் செய்த கதை, உடலில் அடையாளம் எதுவும் இல்லை என்று இருந்தது.

"அண்ணை, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

"என்ரையைச் சொன்னன்," என்றேன்.

அவர் மேல்முறையீடு செய்தார். அவருடைய வழக்கறிஞர், ஒரு டொச் பெண்மணி, எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி என்னைக் கேட்டார், இது உங்களுக்கு நடந்ததா என்று. ஓம் என்றேன். மறுபடியும் சட்டையைக் கழற்றினேன். அந்தத் தழும்புக்கு விடுதிக் குளியலறையில் எத்தனையோ தரம் எண்ணெய் பூசிவிட்டவர் உங்கள் கணவர். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ட்ராமுக்கு நின்றபோதுதான் வாயைத் திறந்தார். "உங்கடை பிள்ளையள் வரட்டும் அண்ணை. அதுக்குப் பிறகு உண்மையைச் சொல்லுங்கோ. நான் பொறுக்கிறன்."

"ஓம்," என்றேன்.

அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் அழுவீர்கள். எனக்கு அது மோசமான ஆட்டமாகவே பட்டது. கையில் இருப்பதை எதிராளியிடம் கொடுத்துவிட்டு யாராவது காத்திருப்பார்களா?

எண்பத்தேழு மாசியில் மகாதேவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் பங்குனி வரைக்கும் கேட்கவில்லை. பிறகு ஒரு தரம் கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்றேன். சேர்ந்தார்கள். பிறகு கேட்கவே இல்லை. ஆடியில் ஊரில் சமாதானம் என்று செய்தி வந்ததும், தானாகத் திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்தார். விமான நிலையம் வரைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனவன் நான். ஐப்பசியில் ஷெல் விழுந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் நீங்கள்.

நான் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவரைப் பற்றி எந்த அலுவலகத்திலும் ஒரு கூடாத வார்த்தை பேசவில்லை. இதை யாரும் விசாரித்துப் பார்க்கலாம்.

இப்போது நீங்களும் இந்த நாட்டுக்கு வந்து, வியாழக்கிழமை டெர்மின் என்கிறீர்கள். அவருக்கு நடந்ததைச் சொல்லப் போகிறீர்கள், அவருடைய நெருங்கிய கூட்டாளி என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். மூன்றாவது தரமும் அதே வேப்பமரம் வந்தால் பழைய கோப்புகளை எடுப்பார்கள். என் மூத்தவன் இப்போது நாலாம் வகுப்பு. டொச்சில்தான் கனவு காண்கிறான்.

உங்களுக்கென்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது, தங்கச்சி. எரிந்த வீடு இருக்கிறது. ஷெல் இருக்கிறது. மகளோடு பதுங்குகுழியில் கிடந்த நாட்கள் இருக்கின்றன. அவை போதும், வேண்டுமானால் நான் பக்கத்தில் இருந்து பழக்கிவிடுகிறேன். அந்தப் பதினொரு நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அவை எனக்கு நடந்தவை.