அந்த ஐந்து பேரின் அம்மா

— என்ர பேரை ஆரைக் கேட்டு அந்தத் தகனப் போமில எழுதினனி, தர்சினி?

— அக்கா, முதல்ல கதவைச் சாத்திப்போட்டு அந்தக் கதிரையில இருங்கோ.

— என்ர வீட்டில என்னை இருக்கச் சொல்ல நீ ஆர்? பியூனரல் டிரெக்டர் இப்பதான் போன் அடிச்சவன். ‘நாளைக்கு உங்கட அப்பாவின்ர பெட்டிக்குப் பட்டனை அமத்தப்போறது மிஸிஸ் சத்தியபாமாதானே?’ எண்டு கேக்கிறான். குசினிக்குள்ள மாமி நிக்கிறா, மச்சாள்மார் நிக்கினம், இடியப்பம் கொண்டந்த சனம் நிக்குது. போனை ஸ்பீக்கரில போட்டிருந்தனான்.

— ஸ்பீக்கரில ஏன் போட்டனீங்கள்?

— கை ஈரமடி. கதையை மாத்தாத. மாமியின்ர முகத்தை நீ பாக்கேல்லை. அவனுக்கு நாலு மணிக்கு முதல் திருப்பி எடுத்துச் சொல்லவேணுமாம். நீயே எடுத்து மாத்து.

— மாத்தமாட்டன். அப்பாவுக்கு மகன் இல்லை. மூத்த பிள்ளை நீங்கள். வேற ஆர் செய்யிறது?

— கீர்த்தனன் சிட்னியில இருந்து வாறான். சித்தப்பாவின்ர மகன். கொள்ளி அவன்தான் எண்டு நேற்றே முடிவெடுத்தாச்சு.

— ஆர் எடுத்த முடிவு? அப்பாவைப் பதினொரு வருசம் குளிக்க வாத்தது கீர்த்தனனோ? கடைசியா அவன் அப்பாவைப் பாத்தது தன்ர கலியாணத்தில. அதுவும் போட்டோவுக்கு நிக்கேக்க.

— அது வேற, இது வேற.

— கொள்ளியும் இல்லை அக்கா, ஒரு பச்சைப் பட்டன். அமத்தினா பெட்டி நெருப்புக்குள்ள போகும். அதை அமத்த சிட்னியில இருந்து ஒரு ஆம்பிளை பிளேன் பிடிச்சு வரவேணுமே? எனக்கு விசர் வருது.

— ஐயர் விடமாட்டார்.

— ஐயரோட கதைச்சிட்டன். ‘குடும்பம் சம்மதிச்சா எனக்கு ஒண்டுமில்லை, இஞ்ச எத்தினையோ மகள்மார் செய்திட்டினம்’ எண்டவர்.

— ஐயரிட்டையும் போட்டியோ! கடவுளே. இதெல்லாம் டேனியலைக் கட்டி யூதச் சமயத்துக்கு மாறினதில இருந்து வந்த வருத்தம், கேட்டியோ? முந்தி நீ இப்பிடி இல்லை.

— முந்தியும் இப்பிடித்தான். அப்ப வாய் திறக்கேல்லை, அவ்வளவுதான். டேனியலின்ர அப்பா செத்த நேரம் என்ன நடந்தது எண்டு சொன்னனானே? அவரின்ர பழைய கோயில்ல ஜெபம் சொல்லப் பத்து ஆம்பிளை வேணும். டேனியலின்ர அம்மா நிக்கிறா, நான் நிக்கிறன், என்ர மகள் நிக்கிறாள். எங்களைத் தாண்டித் தாண்டி எண்ணி ‘ஒன்பது’ எண்டாங்கள். பிறகு ரோட்டால நாயோட போன ஒருத்தனைக் கூட்டிவந்து பத்தாக்கினாங்கள். அவனுக்குச் செத்தவரின்ர பேரே தெரியாது.

— நாயையும் எண்ணியிருக்கலாம்.

— பகிடி விடாதேங்கோ அக்கா. எனக்கு இப்பவும் நெஞ்சு கொதிக்குது. அதுக்குப் பிறகுதான் டேனியலும் நானும் இப்ப போற கோயிலுக்கு மாறினாங்கள். அங்க எங்களையும் எண்ணுவினம். போன மாதம் நான் அங்க எழும்பிப் பேசினனானே, நீங்கள் வரேல்லை.

— அப்பாவை ஆரிட்டை விட்டுட்டு வாறது? என்ன பேசினனி?

— எங்கட வேதத்தில ஐஞ்சு சகோதரங்களின்ர கதை இருக்கு. ஐஞ்சும் பொம்பிளைப் பிள்ளையள். தகப்பன் பாலைவனத்தில செத்திட்டார், மகன் இல்லை. காணி பங்கு பிரிக்கேக்க ஆம்பிளையளுக்கு மட்டும்தான். இவையள் ஐஞ்சு பேரும் தலைவர் மோசேக்கும் முழுச் சபைக்கும் முன்னால போய் நிண்டு, எங்களுக்கும் தா எண்டு கேட்டவை. கடவுளே ‘அவையள் கேக்கிறது சரி’ எண்டு சொன்னவர்.

— உதில என்ன புதினம்? எங்கட ஊரில வீடு பொம்பிளைக்குத்தானே. அம்மாவின்ர வீடு எனக்குத்தான் சீதனமா வந்தது.

— வீடு தருவினம். நெருப்புத் தரமாட்டினம்.

— சரி, காணி கிடைச்சுது. அதோட கதை முடிஞ்சுதோ?

— இல்லை. பிறகு சொந்தக்கார ஆம்பிளையள் வந்து முறைப்பாடு வைச்சவை. இவளவை குலத்துக்கு வெளியில கட்டினா காணி வெளியில போயிடுமாம். கடைசியில ஐஞ்சு பேரும் தகப்பனின்ர சகோதரங்களின்ர பெடியளைத்தான் கட்டினவை.

— அதையும் அங்க சொன்னனியோ?

— சொன்னனான். வாசிக்க வாசிக்க வயிறு எரியுது எண்டும் சொன்னனான். முடிஞ்சாப்பிறகு ஒரு கிழவர் தேத்தண்ணிக் கோப்பையோட வந்து, ‘நல்ல பேச்சு, கோவம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு’ எண்டார். அங்கயும் கோவம் கூட, இஞ்சயும் கோவம் கூட. நான் எங்கதான் போய்க் கத்துறது?

— இஞ்ச கத்தாத, இது செத்தவீடு. நான் ஒண்டு கேக்கிறன். உங்கட ஆக்கள் எரிக்கிறேல்லை, புதைக்கிறதுதான் எண்டு நீதானே சொன்னனி? பிறகு எரிக்கிற பட்டனில உனக்கு என்ன வேலை?

— எனக்கெண்டு கேட்டனானே? போமில என்ர பேரையே எழுதினனான்? உங்கட பேரை அக்கா. நான் பக்கத்தில நிப்பன், அவ்வளவுதான்.

— அந்த ஐஞ்சு பேருக்கும் பேர் எழுதியிருக்கோ?

— ஓம், அதுதான் விசேசம். எத்தினையோ பொம்பிளையளை இன்னாரின்ர பெண்சாதி, இன்னாரின்ர மகள் எண்டு எழுதிப்போட்டு விட்டிருக்கு. இவையளுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பேர் வரும். மஹ்லா, நோவா, ஹோக்லா, மில்கா, திர்சா.

— என்ன சொல்லிக் கேட்டவை?

— ‘எங்கட அப்பாவுக்கு மகன் இல்லை எண்டதால அவரின்ர பேர் ஏன் அழியவேணும்?’ எண்டு.

— அப்ப அதுவும் அப்பாவின்ர பேருக்குத்தான்.

— ஓம்... அப்பிடிக் கேட்டாத்தான் ஆம்பிளையள் காது குடுப்பினம் எண்டு எங்கட ராபி சொல்லுறவ.

— சொல்லுறவவோ? பொம்பிளை ஐயரோ?

— பொம்பிளைதான்.

— அவவிட்டை ஒண்டு கேட்டியோ? அந்த ஐஞ்சு பேரையும் பெத்தவளின்ர பேர் என்ன?

— எழுதேல்லை.

— அவள் உயிரோட இருந்தவளோ, செத்திட்டாளோ?

— அதுவும் எழுதேல்லை. நானும் தேடிப் பாத்தனான். அக்கா... ஏன் அழுறீங்கள்? மாமி ஏதும் சொன்னவவோ?

— எங்கட அம்மாவுக்கு ஆரடி கொள்ளி வைச்சது?

— சித்தப்பா. தொண்ணூற்றேழில, வன்னியில. அப்பாவும் நானும் கொழும்பில நிண்டனாங்கள், சண்டையால பாதை பூட்டு. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகத்திலயும் அப்பிடித்தானே அடிச்சிருக்கு?

— சித்தப்பா வந்து சேர்ந்தது நாலாம் நாள். அம்மாவை ஒரு நாளுக்கு மேல வைச்சிருக்க ஏலாமப் போச்சு. அயலில ஆம்பிளை எண்டு ஒருத்தரும் இல்லை. நானும் பக்கத்துக் கொட்டில் இராஜேஸ்வரி அக்காவும்தான் விறகு அடுக்கினது. மழைத் தூத்தல். மூண்டு நெருப்புக்குச்சி நூந்துபோச்சு, நாலாவதுதான் பத்தினது.

— நீங்களோ? அக்கா... இருபத்தெட்டு வருசமா ஏன் சொல்லேல்லை?

— அப்பாவுக்குக் கடிதம் போட்டனான். ‘உதை ஒருத்தருக்கும் சொல்லாத, சனம் ஒரு மாதிரிக் கதைக்கும், என்ர தம்பி வைச்சது எண்டு நான் சொல்லிப்போட்டன்’ எண்டு பதில் வந்தது. கல்வெட்டையும் அவர்தான் எழுதிக் குடுத்தவர். இஞ்ச வந்து என்னோடயே இருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘பிள்ளை, நீ தனிய என்ன செய்தனி’ எண்டு கேக்கேல்லை.

— அப்ப நாளைக்கு இதுதான் நேரம்! நானே மைக்கில சொல்லுறன். அம்மாவுக்கும் அக்காதான் வைச்சவ, அப்பாவுக்கும் அக்காதான் வைக்கிறா எண்டு. எல்லாரும் கேக்கட்டும். போன் அடிக்குது, அவன்தான். எடுத்து ஓம் எண்டு சொல்லுங்கோ. அக்கா, ப்ளீஸ்.

— நீ எடு. அம்மாவின்ர கதையை மைக்கில சொல்லு, நான் மறிக்க மாட்டன். பட்டனுக்குக் கீர்த்தனன்ர பேரைக் குடு. அம்மாவுக்கு வைச்ச கையால அந்த மனிசனுக்கு நான் வைக்க மாட்டன்.