பக்கத்து வீட்டில் விசாரித்தவர்கள்

வீடு வாங்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் நம்புவது என்னவோ பக்கத்து வீட்டுக்காரன் பேச்சைத்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் மதிக்கிற ஆள்.

என் வீட்டை ஒட்டிய வீடு அச்சகக்காரருடையது. புது இயந்திரம் வாங்க வீட்டை ஒரு கடன் நிறுவனத்தில் அடகு வைத்தார். தொழில் படுத்துவிட்டது. மனைவியும் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். என் காரில்தான் அவசர அவசரமாகக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அந்தம்மா மகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தவணை நின்றதும் நிறுவனம் வீட்டைப் பூட்டி ஏலத்துக்கு விட்டது. அச்சகக்காரர் ஒரு வாடகை அறைக்குப் போனார்.

எனக்கு அந்த வீட்டின் மேல் வெகுநாளாகக் கண். மகனுக்குக் கல்யாணமானால் இரண்டையும் ஒரே வீடாக்கலாம் என்று நடுச்சுவரை மனசுக்குள் எத்தனையோ முறை இடித்திருக்கிறேன். நிறுவனம் கேட்ட விலைதான் எட்டவில்லை. ஒருவரும் கேட்காவிட்டால் அடுத்த ஏலத்தில் குறைப்பார்கள்.

பார்க்க வந்தவர்கள் என்னிடம் விசாரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. நல்ல வீடுதான் என்பேன். கொஞ்சம் நிறுத்தி, அந்தம்மா அப்படிப் போயிருக்க வேண்டாம் என்பேன். பின்னறை ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவேன். மிச்சத்தை அவர்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். அவசரமாகக் கார் போனதைத் தெரு பார்த்திருந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று. அந்தம்மா தூக்குப் போட்டுக்கொண்டார் என்று கொஞ்ச நாளில் என்னிடமே வந்து சொன்னார்கள். முதல் ஏலத்துக்கு ஓர் ஆள்கூட வரவில்லை.

இரண்டாவது ஏலத்துக்கு முன்னால் வீட்டைத் திறந்து காட்டினார்கள். நானும் போனேன். ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்திருந்தார். பேச்சு அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. டாக்டரின் மனைவி சமையலறையில் அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அச்சகக்காரரின் மகள் உள்ளே வந்தாள். வெளியூரில் வேலை, அம்மாவுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் அவளால் வந்து சேர முடிந்திருந்தது. நான் தூக்கி வளர்த்த பெண். நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்பா ஆஸ்பத்திரின்னுதான் சொன்னார். தெருவுல வேற சொல்றாங்க. நீங்க கூட இருந்தவர். நீங்க சொன்னா நம்புறேன்."

சமையலறையில் அளவுநாடா சுருளும் சத்தம் நின்றது.

"போனது போச்சும்மா. அப்பாவைத் தப்பா நினைக்காதே" என்றேன்.

அவள் அழவில்லை. "எந்த இடத்துல மாமா?" என்றாள்.

பின்னறைக்குக் கூட்டிப்போய் மின்விசிறியைக் காட்டினேன்.

அவள் அதன் கீழேயே வெகுநேரம் நின்றாள். நாங்கள் வெளியே வந்தபோது டாக்டரும் மனைவியும் போயிருந்தார்கள். ஏலத்தில் நான் ஒருவன்தான். விலை குறைந்ததால் வீடு போயும் அச்சகக்காரரின் கடன் தீரவில்லை. மகள் அவரைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்பியிருந்தாள்.

அவர் கடைக்கு வந்தார். மகள் போனை எடுப்பதில்லை, எதற்காக இந்தக் கோபம் என்றே தெரியவில்லை என்றார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றார். சொல்கிறேன் என்றேன். கண்ணைப் பரிசோதித்து, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதன் பிறகும் அடிக்கடி வந்து, சொன்னீர்களா என்று கேட்பார். லைன் கிடைக்கவில்லை என்பேன்.

போன மாதம் அந்த வாடகை அறையில் அவர் இறந்துபோனார். மகள் வரவில்லை. பிள்ளையைப் போல நான்தான் முன்னின்று எல்லாம் செய்தேன். தெருவே என்னை மெச்சியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் அந்தப் பின்னறைக்குள் நிமிர்ந்து நடக்க முடிவதில்லை.

அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பாள், என்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் தாயும் போய்த் தகப்பனும் போய் நிற்கிற பெண்ணிடம் இதையும் சொல்லி நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.