பஸ்ஸில் நடந்த ஆங்கிலப் பரீட்சை

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"கனவிலையும் வினையுரிச்சொல் துரத்துது, அக்கா."

காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நாளைக்குக் கொழும்பிலை பேச்சுப் பரீட்சை. இந்த முறையும் பெயில் எண்டால் லண்டன் விசா இல்லை. பிள்ளை இன்னும் தேப்பனைப் போனிலைதான் கண்டிருக்கு."

"பயப்படாதை. நான் கேக்கிறன், நீ மறுமொழி சொல்லு. வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?"

இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேர், வினையுரிச்சொல். இஸ், வினைச்சொல். யுவர் ஹஸ்பண்ட், பெயர்ச்சொற்றொடர்."

எல்லாம் சரியா என்று நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் இறங்கவேண்டிய இணுவில் அதற்குள் போய்விட்டது.

"எல்லாம் சரியடி. மனுசன் எங்கை?"

"டியூசனிலை அப்பிடிக் கேக்கிறேல்லை, அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழை கோடு கீறி, என்ன சொல் எண்டு எழுதத்தான் பழக்கினவை." மூக்கை உறிஞ்சினாள். "பரீட்சைக்குப் போயும் இப்பிடித்தான் வாயிலை வருது."

"அழாதை. ஒரு சொல் சொன்னாலே காணும். வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?"

இளையவள் கண்ணைத் திறந்தாள்.

"லண்டன்."

அக்கா நிம்மதியாய் மூச்சு விட்டார். ஆங்கிலத்தில் ஒருமுறையும் பாஸாகாத நானும் விட்டேன்.

"பெயர்ச்சொல்," என்று முடித்தாள் அவள்.