இரண்டாவது ரிப்போர்ட்

மாலை ஆறரை மணி. பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகிற சாலை. பனிமூட்டம்... பைக் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

கோகுல், எல்லோரும் சத்தம் போடாமல் கேளுங்கள், சுபஸ்ரீ தூங்குகிறாள். இது அவளுடைய மாமாவுக்கு நடந்தது. ஞானவேல் மாமா. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிற வேலை.

அதற்கு ஒரு மாதம் முன் மன்னவனூரில் கிட்னி முகாம். சின்னத்தாயி என்று ஒரு கிழவி வந்தாள். எலும்பும் தோலும். கையெல்லாம் பூண்டு வாசனை. படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, "இருக்கிறதே ரெண்டு சொட்டு, மிச்சம் வச்சுட்டுப் போய்யா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வந்தது. நார்மல். "ஒங்களுக்கு ஒண்ணுமில்ல ஆத்தா, நூறு வயசு இருப்பீக. போயி பூண்ட உரிங்க" என்று மாமாவே சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. உடம்பில் சதையே இல்லாதவர்களுக்கு அந்த அளவு பொய்யாக நல்லதைக் காட்டுமாம். அதனால்தான் முகாமில் சிஸ்டாட்டின் என்று இன்னொன்றும் பார்த்தார்கள். யார் சீக்கிரம் போவார்கள் என்பதை அது முன்னாடியே காட்டிவிடுமாம்.

அந்த ரிப்போர்ட்டும் வந்தது. கிட்னி வடிகட்டும் அளவு, தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது... பதினெட்டு.

மழை விடட்டும் என்று மாமா அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். இருபது நாள்.

அந்தப் பனிமூட்ட மாலையில்தான் கொண்டுபோனார். வளைவில் ஓர் உருவம் கை காட்டியது. சின்னத்தாயி. பின்னால் ஏறிக்கொண்டாள்... வண்டி அழுந்தவே இல்லை. பச்சைப் பூண்டு வாசனை மட்டும் கழுத்தோரம்.

"இன்னொரு சீட்டு வரும்னாகளே தம்பி... வந்துருச்சா?"

பை மடியில்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. "இன்னும் வரல ஆத்தா."

பிறகு காதுக்குள், "சரி... நானே எடுத்துக்கிறேன்."

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

அவள் வீட்டு வாசலில் மகன் சிவமுருகன் மொட்டைத் தலையோடு நின்றான். "ஆத்தா போயி பதினோரு நாளாச்சுங்க. ஒண்ணுமில்லேன்னு நீங்க சொன்னதாலதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டோம்."

மாமா பையைத் திறந்தார். ரிப்போர்ட் இல்லை. அடியில் கொஞ்சம் பூண்டுத் தோல்.

அடுத்த புதன் காலை எழுந்தால், மாமாவின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மத்தியானம் போனில் ரிப்போர்ட் வந்தது. மாமா பேரில். வடிகட்டும் அளவு, அறுபத்தொன்று.

லேபுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். "என்னண்ணே வெளாடுறீங்க? ட்யூப் ஒங்க பெட்டியிலதான வந்துச்சு. பேருக்குக் கீழ யாரோ கைநாட்டு வச்சிருக்காக" என்றார்கள்.

அதற்கடுத்த புதன், நாற்பத்து நாலு. பிறகு முப்பது. மாமாவுக்குக் கால் வீங்கிவிட்டது. சோறு இறங்குவதில்லை. அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டுதான் படுக்கிறார். அப்படியும் விடிந்தால் பஞ்சு இருக்கிறது.

போன புதன் வந்தது... பதினெட்டு.

இன்று செவ்வாய். மாமா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்.

ஏலே கோகுல்... ராத்திரிச் சாப்பாடு தயிர்சோறுதானே? இந்த வீட்டில் இன்றைக்கு யாரும் பூண்டு உரிக்கவில்லையே... பிறகு ஏன் இந்த வாசனை?