பெரியப்பாவின் வோட்டு

பிலிப்பைன்சில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்திருந்த வாரம். டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பஸ்ஸில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்தார் இருவர். கம்பளித் தொப்பிக்காரர் பத்திரிகையை முழங்காலில் அடித்தார்.

“செத்ததுகள் எல்லாம் வோட்டுப் போட்டிருக்குதுகளாம்! பெரிய நாடுகள் என்ன செய்யினம்? கவலை தெரிவிக்கினமாம். இஞ்சத்தைய அரசாங்கமும் கவலைதானாம். தூ! கள்ளனைக் கள்ளன் எண்டு முகத்துக்கு நேரை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது.”

“ஓம் அண்ணை,” என்றார் பக்கத்திலிருந்த இளையவர். “ஊரிலை செத்துப்போன உங்கடை பெரியப்பான்ரை வோட்டை நீங்கள்தானே போட்டனீங்கள்?”

“அது வேறை கதை. அவர் உயிரோடை இருந்தாலும் எங்கடை ஆளுக்குத்தான் போட்டிருப்பார்.”

இளையவர் அவர் முழங்காலிலிருந்த பத்திரிகையை எடுத்து மடித்தார்.

“எனக்குக் கவலையாக் கிடக்கு, அண்ணை.”