கறுப்படித்த வரி

எங்கள் அலுவலகத்தில் எப்போதும் தட்டுப்பாடு கறுப்பு மார்க்கருக்குத்தான். மாதத்துக்கு ஒரு பெட்டி தருவார்கள். இருபதாம் தேதிக்குள் நான் ஒருத்தியே தீர்த்துவிடுவேன். "வெர்னா, உன் கையில மை இல்லாத நாளைப் பார்த்தா நான் ஊருக்கே விருந்து வைக்கிறேன்" என்று பக்கத்து மேசை லொரெட்டா கிண்டலடிப்பாள். நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஒஹாயோவில் எங்கள் மாவட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நான் பதிவேட்டுப் பிரிவு. அரசாங்கத் தாளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்பது சட்டம். எதற்கு என்று நாங்கள் கேட்கக் கூடாது. பராமரிப்புக் கோப்புகள் மட்டும் அதில் சேராது. அவை ரகசியம். தாயோ தகப்பனோ தங்கள் கோப்பின் நகலை வாங்கலாம். அதிலும் அடுத்தவரின் விலாசத்தை மார்க்கரால் கறுப்படித்து மறைத்துவிட்டுத்தான் கொடுப்போம். கறுப்படிப்பது நான். படிக்காமல் கறுப்படிக்க முடியாது. ஆகவே இந்த மாவட்டத்தில் யாருக்குப் பயந்து யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

கறுப்படிப்பதில் ஒரு முறை இருக்கிறது. மார்க்கரால் அடித்த தாளை அப்படியே கொடுக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும். அதை மறுபடி நகலெடுத்து, அந்த இரண்டாம் நகலைத்தான் கொடுக்க வேண்டும். லொரெட்டா சேர்ந்த புதிதில் ஒருமுறை மறந்துவிட்டாள். "அடியே, விலாசத்தைத் தட்டுல வச்சு நீட்டுறியா?" என்று நான்தான் அவளைப் பிடித்து உலுக்கினேன். அன்றைக்கு ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றினேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அடிக்குப் பயந்து ஓடியவர்களின் கோப்பில் சிவப்பு ஒட்டுத்தாள் இருக்கும். எனக்குச் சிவப்பைக் கண்டாலே சந்தேகம். படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தால் போதும், தகப்பனுக்குப் பிள்ளை இல்லையென்று ஆகிவிடும். என் மகன் டெரலின் கோப்பும் அந்தச் சிவப்புத்தாள் கோப்புகளின் அலமாரியில்தான் இருக்கிறது. அவன் மனைவி கைக்குழந்தையோடு போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவனுக்குக் கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை நான் ஒருநாளும் தொட்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் தொடாமல் இருப்பார்களா, சொல்லுங்கள்.

டாம்சின் ஆர்கட் மார்ச் மாதம் வந்தாள். அவள் கோப்பிலும் சிவப்புத்தாள். வீடு மாறியிருந்தாள், புது விலாசம் எழுதிக் கொடுத்தாள். "மேடம், இது வெளிய போகாதுல்ல?" என்றாள். போகாது என்றேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

"என்னைப் பார்த்தா திருடி மாதிரியா தெரியுது?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். என் உசுரு இந்த ஒரு வரியிலதான் இருக்கு."

என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இத்தனை வருட வேலையில் யாரும் என்னை அப்படிச் சந்தேகமாகப் பார்த்ததில்லை. நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, அதே பார்வை.

ராய்ஸ் ஏப்ரலில் வந்தான். அவளுடைய பழைய கணவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டெரலும் அப்படித்தான் நிற்பான். தன் கோப்பின் நகல் வேண்டும் என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. அவனாகவே சொன்னான்: "பொண்ணுக்கு ஏழு வயசு ஆகப்போகுது மேடம். சைக்கிள் வாங்கி வண்டியிலயே வச்சிருக்கேன். எங்க கொண்டுபோய்க் குடுக்கிறதுன்னுதான் தெரியல."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஊதா நிறச் சைக்கிள், கைப்பிடியில் ரிப்பன்.

கோப்பை எடுத்தேன். டாம்சினின் மருத்துவமனைத் தாள் இருந்தது: மணிக்கட்டு முறிவு, தாடை முறிவு, இரண்டு வருடத்தில் நான்கு தடவை. படித்தேன். அப்படிப்பட்ட தாள்களை நான் ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். எல்லாமே உண்மையாக இருந்துவிட முடியுமா? ஒன்றுவிடாமல் கறுப்படித்தேன். விலாசத்தை இரண்டு தடவை அடித்தேன் என்றுகூட ஞாபகம்.

மறுபடி நகலெடுக்கவில்லை. இயந்திரம் பழுதாக இருந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பழுதாகவில்லை. பக்கத்தில்தான் இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அடித்த தாளையே உறையில் போட்டு நீட்டினேன்.

"எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும்னு தெரியும் மேடம்" என்று பெருமூச்சு விட்டான். பாவமாக இருந்தது.

"வெளிய நல்ல வெயிலா இருக்கு" என்றேன். "வண்டியில உக்காந்து கண்ணாடி ஓரமா வச்சு நிதானமாப் படிங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். புரிந்துகொண்டான். நன்றி சொல்லிவிட்டுப் போனான், நல்ல மரியாதை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அங்கே போனதையும், டாம்சின் சமையலறைக் கதவுவரைக்கும்தான் ஓட முடிந்ததையும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். குழந்தை துணி அலமாரிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது என்கிறீர்கள். சைக்கிளை அவன் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை என்கிறீர்கள். அது எனக்கு வருத்தம்தான். சைக்கிளையாவது கொடுத்திருக்கலாம்.

அந்தக் குழந்தையை இப்போது வளர்ப்பு வீட்டில் வைத்திருப்பார்கள். புதுக் கோப்பு திறப்பார்கள், சிவப்புத்தாள் ஒட்டுவார்கள். லொரெட்டாவிடம் சொல்லுங்கள், இரண்டு தடவை நகலெடுக்கச் சொல்லி. அவள் மறதிக்காரி, எனக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: இருபத்தாறு வருடத்தில் ஒரு விலாசம்கூட என் வாயிலிருந்து வெளியே போனதில்லை.