கரண்ட் கட் வராத புகார்

தினமும் மின்தடை இருந்த காலம். மின்வாரிய அலுவலகத்தில் பில் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, சிற்பிகள் ஊரான மயிலாடியைச் சேர்ந்த பெண் கேட்டாள்:

"சார், எங்க தெருவுல இன்னைக்கு ஏன் கரண்ட் கட் பண்ணல்ல?"

புகார்ப் பதிவேட்டில் இதற்குப் பத்தி கிடையாது. எழுத்தர் பேனாவை மூடினார்.

"வீட்டுல இருந்து விளம்பரத்துக்குக் குரல் குடுக்கேன் சார். மதிலுக்கு அந்தப் பக்கம் சிற்பப் பட்டறை. கட் ஆனாத்தான் மெசின் சத்தம் அடங்கும், லேப்டாப்புல பதிவு செய்வேன். பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"இன்னைக்குக் கட் இல்லம்மா."

என் பின்னால் நின்றவர் சிரித்தார். சட்டையெல்லாம் கல்தூசி. "பட்டறை நம்மளுதுதான். ஏ பிள்ளே, அப்பிடி என்ன விளம்பரம்?"

"இன்வெர்ட்டர், அண்ணாச்சி. 'மின்தடையா, கவலை வேண்டாம்'னு சொல்லணும்."

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சரி, பதினோரு மணிக்கு எல்லாரும் சாயா குடிக்கப் போவோம். பத்து நிமிசம் மெசின் ஓடாது. அதுக்குள்ள பேசி முடி."

"நாக்கு குளறிச்சுன்னா இன்னொரு சாயா குடிப்பியளா?"

"ஒரு சாயாதான். நாளைக்கு லாரியில ஏத்தணும், அம்மனுக்கு இன்னும் மூக்கே வரல்ல."